பதினெட்டாம் பக்கத்தின் வாசகர்கள்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், குடியிருப்பு நெறிமுறை ஆவண அலுவலகம் என்று ஒன்று இயங்கி வந்தது. பொதுமக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஆவணமாக எழுதி இணையத்தில் பகிர்வது அதன் பணி. அவர்கள் அப்படி நடந்துகொண்டார்களா என்று பார்ப்பது வேறு அலுவலகத்தின் பணி.

இந்த நிம்மதியைக் கெடுக்க 'பார்வைமானி' என்ற மென்பொருள் வந்து சேர்ந்தது. பகிர்ந்த ஆவணத்தை யார் திறந்தார், எத்தனை நிமிடம் படித்தார், எந்தப் பக்கத்தில் ஓடிப்போனார் என்பதையெல்லாம் அது புள்ளிவிவரமாக எடுத்துக் கொடுக்கும். இயக்குநர் ரஞ்சன் அதை வரவேற்றுச் சுற்றறிக்கை அனுப்பினார். அது மூன்று முறை திறக்கப்பட்டதாகப் பார்வைமானி சொன்னது. மூன்று முறையும் திறந்தவர் ரஞ்சன்.

கோபம் வராதா? உடனே விதி பிறந்தது. ஓர் ஆவணம் சராசரியாக ஐந்து நிமிடமாவது படிக்கப்படாவிட்டால் எழுதியவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அலுவலகத்தார் படிப்பதும் சேர்த்தி.

திருச்சியிலிருந்து வந்து செங்காங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த மோகனப்பிரியாவுக்கு அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் போனால் வேலை அனுமதியும் போய்விடும். அவள் எழுதிய 'மின்தூக்கி பழுதானால் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகள்' நாற்பது பக்கம். சராசரி வாசிப்பு நான்கு வினாடி. பாவம், அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

பக்கத்து மேசை ரகுபதி நல்ல மனசுக்காரர். ஆவணத்தைத் திறந்து வைத்து, விசைப்பலகையின் கீழ்நோக்கிய அம்புக்குறிமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டையும் அதன்மேல் தன் சாவிக்கொத்தையும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். உணவங்காடியில் மேசை பிடிப்பதற்கு வைக்கும் அதே பாக்கெட்தான். நாற்பது பக்கமும் ஒன்பது வினாடியில் ஓடி முடிந்தன. ரஞ்சன் அவரைத் துரித வாசிப்புப் பயிற்சியாளராக நியமித்தார்.

அலுவலகத்தில் தேநீர் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுப்பவர் பாப்பாத்தி அக்கா. அவரிடம் போய் நின்றாள் மோகனப்பிரியா.

"அக்கா, நீங்க அனுப்புற சாப்பாட்டு லிஸ்ட்டை எத்தனை பேர் பாக்குறாங்க?"

"எல்லாரும்தான். ஆளுக்குப் பத்து வாட்டி பாப்பாங்க. மட்டனா கோழியான்னு முடிவு பண்ண வேணாமா?"

மறுநாள் முதல் சாப்பாட்டுப் பட்டியல் மின்தூக்கி நெறிமுறைகளின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

பார்வைமானி துள்ளிக் குதித்தது. சராசரி வாசிப்பு பதினோரு நிமிடம்! அந்தப் பக்கத்தில் தினமும் மீன் பிரியாணி என்று எழுதிவந்த ரஞ்சனுக்கே காரணம் புரியவில்லை. அவர் புள்ளிவிவரத்தைப் படிப்பவர், ஆவணத்தைப் படிப்பவரல்ல. செய்தி கேட்டுத் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி விஸ்வலிங்கம் பாராட்ட வந்தார். கீழே போய்ப் படம் எடுத்துக்கொள்வதற்காக அவரோடு அலுவலகமே மின்தூக்கிக்குள் ஏறியது. மொத்தம் ஏழு பேர். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது.

"பதறாதீங்க," என்றார் ரஞ்சன். "லிஃப்ட் பத்தி நம்ம அளவுக்குப் படிச்ச ஆளுங்க சிங்கப்பூர்லயே இல்ல லா."

"அப்ப இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார் விஸ்வலிங்கம்.

யாருக்கும் தெரியவில்லை. ரகுபதி அலாரத்தை அழுத்தினார். அது மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஒலித்தது. அலுவலகம் முழுவதும் மின்தூக்கிக்குள் நின்று அதைக் கேட்டது. விஸ்வலிங்கம் தலைமையகத்தை அழைத்தார். அவர்கள் மரியாதையாக, உரிய ஆவணத்தைப் பார்க்கும்படி சொன்னார்கள்.

ஏழு கைப்பேசிகளில் ஆவணம் திறந்தது. பழக்கதோஷம், எல்லோரும் நேராகப் பதினேழாம் பக்கத்துக்குப் போனார்கள்.

"அடுத்த பக்கம் சார்," என்றாள் மோகனப்பிரியா மெல்ல.

பதினெட்டாம் பக்கத்தில் ஒரே வரி: 'பதற்றமின்றி உடனடியாக இந்த எண்ணை அழைக்கவும்: எண்ணை இங்கே நிரப்பவும்.'

"யாரும்மா நிரப்பணும்?" என்றார் விஸ்வலிங்கம்.

"போன வருஷ ஆவணத்துலேர்ந்து அப்படியே எடுத்தேன் சார்."

"அதை எழுதினது யாரு?"

ரஞ்சன் தொண்டையைச் செருமினார். "நான்தான் சார். படிச்சுப் பாத்து ஒப்புதல் கையெழுத்து போட்டது நீங்க."

எல்லோரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கடையிலிருந்து பிரியாணிப் பொட்டலங்களோடு வந்த பாப்பாத்தி அக்காதான், தரைத்தளத்தில் மின்தூக்கிக் கதவருகே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்து அவர்களை மீட்டார்.

மறுநாள் பார்வைமானி அறிக்கை கொடுத்தது. பதினெட்டாம் பக்கம்: ஏழு வாசகர்கள், ஆளுக்கு நாற்பத்தேழு நிமிடம், ஒருவரும் பாதியில் வெளியேறவில்லை. மோகனப்பிரியாவின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

நன்றி சொல்லப் போனவள் தயங்கி நின்றாள். "சார், கீழ ஒட்டியிருக்கிற நம்பரைப் பதினெட்டாம் பக்கத்துல போட்டுடட்டுமா?"

ரஞ்சன் பதறிப்போனார். "ஐயையோ, வேணாம் லா! போட்டா அரை நிமிஷத்துல படிச்சு முடிச்சிடுவாங்க!"

மோகனப்பிரியா கையிலிருந்த ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி சார்," என்றாள்.

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் எல்லோரும் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள்.