கணவாய்58 எழுதிய காற்றுகள்

திருகோணமலை
வைகாசி 18

அன்பின் மச்சான் அஞ்சலோவுக்கு,

மன்னாரில் நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகமென்று நம்புகிறேன். உம்முடைய அக்கா றோசும் சுகம். நான் உடம்பால் சுகம். மனத்தால் சுகமில்லை, அதற்குப் பொறுப்பு நீர்தான்.

போன வருசம் வந்து நின்றபோது, "ஆரும் எழுதலாம், ஆரும் எடுக்கலாம், அறிவுக்கு வேலியில்லை அத்தான்" என்று அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைச் சேர்த்துவிட்டீர். ஒரு பெயர் வையுங்கோ என்றீர். அந்த நேரம் றோஸ் குசினியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் வாயில் வரவில்லை. மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் லாஞ்சில் முப்பது வருசம் டிக்கெட் கிழித்த சூசைப்பிள்ளை அன்றைக்குக் கணவாய்58 ஆனேன். எட்டு மாதம் ஒற்றை விரலால் தட்டி, துறைமுகத்துக் காற்றுகள் பன்னிரண்டைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்தேன். வீட்டில் அதை வாசித்தவர் ஒருவருமில்லை.

போன மாதம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு புத்தக வெளியீடு. எழுதியவர் ஓய்வுபெற்ற வாத்தியார் இராசதுரை. நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தால் என்னுடைய வசனம், என்னுடைய கமா, என்னுடைய பிழை! கொண்டல் காற்று என்று நான் தட்டியதைக் கைபேசி கொண்டைக் காற்று ஆக்கியிருக்கிறது, நானும் கவனிக்கவில்லை. வாத்தியார் அதை அப்படியே எடுத்ததோடு நிற்காமல், "பெண்களின் கொண்டையை அவிழ்ப்பதால் இப்பெயர் பெற்றது" என்று விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார். சபையில் எழும்பி, "இது நான் எழுதினது!" என்று கத்தினேன். அவர் மைக்கிலேயே, "இணையத்தில சும்மா கிடந்தது அண்ணை, பொதுச் சொத்துத்தானே" என்றார். அதற்கும் கைதட்டுகிறார்கள், மச்சான்!

சட்டத்தரணி நிருஜாவிடம் ஓடினேன். அவ கலைக்களஞ்சியத்தின் உரிம விதிகளை வாசித்துவிட்டு, "ஐயா, ஆரும் எடுக்கலாம், அச்சடிச்சு விக்கவும் செய்யலாம் எண்டு நீங்களே சம்மதிச்சிருக்கிறியள். எழுதினவற்ற பேரை மட்டும் கட்டாயம் போட வேணும்" என்றா. "அது போதும் பிள்ளை, போடச் சொல்லுங்கோ" என்றேன். வாத்தியாரும் மறுக்காமல் புத்தகத்துக்குப் புத்தகம் துண்டு ஒட்டிவிட்டார்: "காற்றுகள் பற்றிய பகுதியை எழுதியவர் கணவாய்58." கோயில் வாசலில் சனம் அதைக் காட்டிச் சிரிக்குது, நானும் சேர்ந்து சிரிக்க வேண்டிக் கிடக்குது.

அதோடு விட்டதா? கலைக்களஞ்சியத்தில் என் கட்டுரையை அழித்துவிட்டார்கள். காரணம், அது இராசதுரையின் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாம்! அவர்தான் என்னைப் பார்த்து எழுதினார் என்று அறிவித்தேன். பாஸ்வேர்டு மறந்துபோனதால் றோசின் மின்னஞ்சலில் இருந்துதான் அனுப்பினேன். "நீங்கள்தான் கணவாய்58 என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று பதில் வந்தது. எந்த அரசாங்கக் கச்சேரியில் போய் நான் கணவாய் என்று அத்தாட்சி எடுப்பது?

இத்துடன் நாலு பக்க முறைப்பாடு வைத்திருக்கிறேன். ஒருவன் உழைப்பை இன்னொருவன் பெயர் சொல்லாமல் எடுப்பது களவு என்று அதில் ஒன்பது இடத்தில் எழுதியுள்ளேன். பத்திரிகை எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மடு மாதா உங்கள் எல்லோரையும் காத்தருள்வாராக.

இங்ஙனம்,
உம்முடைய அத்தான்
ம. சூசைப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக, குறிஞ்சாக்கேணியில் இருந்து ஷிஃபானா என்றொரு பிள்ளை, வாத்தியாரிடம் என் நம்பர் வாங்கித் தொலைபேசியில் வந்தது. "அங்கிள், அந்தப் புத்தகத்த எங்கட வாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். 'காத்துப் பேர் பன்னிரண்டும் நான் சொன்னதுதானே, லாஞ்ச் ஜெட்டியில டிக்கெட் ஐயாவத் தவிர ஆருக்கும் சொல்லல்லயே' எண்டார். அது நீங்கதானே?" தகப்பன் பெயர் ஸைனுலாப்தீன். ஜெட்டிக்கு மீன் கொண்டுவருகிற மனிசன். லாஞ்ச் பிந்திய நாட்களில் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு காற்றாகச் சொல்லித் தந்தவர். கட்டுரையில் அவருடைய பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டுமென்று தோன்றவும் இல்லை. "ஓம் பிள்ளை, நான்தான்" என்று மட்டும் சொன்னேன். நாளைக்குப் பஸ் ஏறி அவரிடம் போகிறேன். முறைப்பாட்டை ஒருவருக்கும் காட்டாமல் கிழித்துவிடும்.