ரசமட்டம் கோணலாய்க் கட்டிய சுவர்

எண்பதுகளில் தர்மபுரி மாவட்டத்திலேயே நேராக இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அவனுடைய சொந்தப் பெயரை அவனே மறந்திருப்பான். எங்களுக்கு அவன் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கட்டை, அதை இடுப்பில் செருகாமல் அவன் பல் விளக்கக்கூடப் போனதில்லை.

பாதிரியார்கள் நடத்திய தொழிற்பள்ளியில் நாங்கள் படித்தோம். படிப்பு முடிந்ததும், வேலை தேடிப் போகுமுன் ஒரு வருடம் மலைக்கிராமங்களில் சேவை செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. அவன் கொத்தனார், நான் தச்சன். எங்களைச் சித்தேரிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான். மலை வளைவில் சீட்டின்மேல் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம், "அண்ணே, வண்டி ஒரு பக்கமா சாயுதுங்க" என்றான்.

"மலையே சாஞ்சிதான்டா கெடக்குது. எறங்கி அத நிமித்திட்டு வா, நாங்க முன்னாடி போறோம்" என்றார் அவர்.

சமையல் முறை அவனுக்கு வந்தால் அன்றைக்கு நாங்கள் பட்டினிதான். அடுப்புக்கல்லுக்கு மட்டம் பார்ப்பான். குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் களிப்பானை ஏறும்.

எங்கள் வேலை ஓர் அறை கட்டுவது. நர்சம்மா தங்கிப் பிரசவம் பார்க்க இடம் வேண்டும். கூரை போட்டதும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் யாருக்காவது வலி எடுத்தால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

சுவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் சின்னப்பொண்ணு. வயிற்றில் பிள்ளை. குடம் தூக்காதே என்றால் கேட்க மாட்டாள். "எனக்குத்தானுங்களே கட்டறீங்க" என்பாள்.

சுவர் வாசக்கால் உயரத்துக்கு வந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்று, "சொவரு பள்ளத்துப் பக்கம் சாயுதே தம்பி" என்றார். சரிவான நிலத்தில் நேரான சுவர் அப்படித்தான் தெரியும். அது ரசமட்டத்துக்கும் தெரியும். ஆனாலும் போய்க் கட்டையை வைத்தான். முகம் செத்துப்போயிற்று.

"குமிழி மயிரிழை வெலகுதுடா. இடிக்கணும்."

"பாவி! வாசக்கால் நட்டாச்சுடா! கூரை போட்டா யாருக்குடா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

சின்னப்பொண்ணு சிரித்தாள். "நீங்க முடிக்கறதுக்குள்ள எம்புள்ளயே நடந்துவந்து கல்லெடுத்துக் குடுப்பான் போலிருக்குதுங்க."

இடித்தான். மறுபடி கட்ட ஆரம்பித்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாதை சரிந்து, சிமெண்ட் ஏறி வரவில்லை. அந்த மழையில்தான் அவளுக்கு வலி வந்தது. டோலிக்குத் தோள் கொடுத்தவர்களில் ரசமட்டமும் ஒருவன். பாதி வழியில் பிறந்த குழந்தை அழவே இல்லை. அவள் பிழைத்தாள்.

இடிக்காமல் இருந்திருந்தால் கூரை ஏறியிருக்கும், நர்சம்மா வந்திருப்பார். ஊரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாதை சரியாகி சிமெண்ட் வந்தது. அவன் மூட்டைமேல் உட்கார்ந்தவன் எழவில்லை. கரண்டியை நீட்டினேன், வாங்கவில்லை. ஒருநாள் சின்னப்பொண்ணு குடத்தோடு வந்தாள். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ரூமு எப்பங்க முடியும்? எங்க நாத்தனாளுக்குத் தையில நாளு."

அவன் ஓவென்று அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு அடுத்த குடத்துக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அவன் சுவர்மேல் இருந்தான். கட்டை மூட்டையடியில் கிடந்தது. கண் பார்த்தபடி, கை போனபடி கட்டினான். தச்சனான எனக்கே கோணல் தெரிந்தது.

"டேய், மட்டம் பாக்கலயா?"

"மொதல்ல கூரை ஏறட்டும்டா."

ஏறியது. நர்சம்மா வந்தார். தை மாதம் உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதபோது, ரசமட்டம் வெளியே அந்தக் கோணல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அழுகை ஓயும்வரை அசையவில்லை.

வருடம் முடிந்ததும் கொத்து வேலைக்குப் பெங்களூர் பக்கம் போனான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கட்டையை அந்த அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். ஜன்னல் திட்டு சரிவாக இருந்ததால், மருந்து பாட்டில்கள் உருளாமலிருக்க நர்சம்மா அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

இப்போதும் எங்கேயாவது ஒரு சுவர் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் நான் சும்மா கடந்து போவதில்லை. ஒரு தடவை தோளில் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டுத்தான் போகிறேன்.