முட்டியில் ஊசி போட்டுக்கொண்ட வகையில் மச்சானுக்கு எழுதுவது

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊசி போட்ட உன் முட்டி சுகமாக இருப்பதை நீயே போனில் மூன்று முறை சொல்லிவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. இங்கே உன் அக்கா நலம். நான் நலமில்லை. போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். சிரிப்பதானால் அங்கேயே சிரித்துக்கொள், என் காதில் விழாது.

"ஒரே ஒரு ஊசி அத்தான், அப்புறம் பாருங்க, குதிரை மாதிரி ஓடுவீங்க" என்று சொன்னது நீதான். நீ பஸ் ஓட்டுகிறவன், உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றி வருகிறவன். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். முப்பத்தொரு வருஷமாக மண்டியிட்டே சோறு தின்றவன். கடவுளுக்கு முன்னால்கூட அவ்வளவு நேரம் எவனும் மண்டியிட்டிருக்க மாட்டான். எட்டு வருஷமாக வலது முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை. நாலாவது மாடியில் வீடு, லிப்ட் கிடையாது. குளியலறைக்குள் உன் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டாள். என் கால் நகத்தை அவள்தான் வெட்டிவிடுகிறாள். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு அதைவிட வேறென்ன கேவலம் வேண்டும்? அதனால்தான் உன் பேச்சை நம்பி, போன செவ்வாய்க்கிழமை காலையில், உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா சின்னப் பெண், நல்ல பெண். "வலி பத்துக்கு எவ்வளவு ஐயா?" என்றாள். "பன்னிரண்டு" என்றேன். "பத்துக்குள்ள சொல்லணும் ஐயா." "அப்ப பத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்கம்மா" என்றேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். பிறகு நிதானமாகத்தான் சொன்னாள்: "தேய்மானம் இருக்கு. இந்த ஸ்டீராய்டு ஊசி தேய்ஞ்சதைச் சரி பண்ணாது. உள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும், வலி குறையும். சில பேருக்குச் சில வாரம், சில பேருக்குச் சில மாசம். அடிக்கடி போடவும் கூடாது." இதில் என் காதில் விழுந்தது "வலி குறையும்" என்ற இரண்டு சொல் மட்டும்தான். ஏனென்றால் நான் அவளுடைய தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் காலடியில் ஒரு டைல்ஸ் கல் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. அதை ஒட்டியவனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் முட்டியிலிருந்து மஞ்சளாக நீரை உறிஞ்சி எடுத்து, மருந்தையும் ஏற்றிவிட்டாள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. பத்தே நிமிஷம். முட்டி வாயை மூடிக்கொண்டது. எட்டு வருஷத்தில் முதல் தடவை!

கையில் ஒரு தாள் கொடுத்து, கட்டாயம் படிக்கச் சொன்னாள். கண்ணாடி எடுத்துப் போகவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒரு கால் கட்டையாக ஆடிக்கொண்டே இருக்கும், எங்கள் தொழில்காரனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. தாளை நாலாக மடித்தால் கணக்காக இருந்தது. அடியில் செருகிவிட்டேன். மேஜை மட்டமாக நின்றது.

அடுத்து நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஒரு டீச்சர் வீட்டுச் சமையலறைத் தரை பாதியில் கிடந்தது. கிளம்பினேன். உன் அக்கா வாசலை மறித்தாள். "ரெண்டு நாள் உட்காரச் சொன்னாங்கல்ல?" "உட்கார்ந்துதானே வேலை பாக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் நாலு மாடியும் இறங்கினேன். அங்கே போய் மண்டி போட்டேன். வலி இல்லை. எழுந்து பார்த்தேன். வலி இல்லை. மறுபடி மண்டி போட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மூளை கழன்றுவிட்டது மச்சான். இந்த வேலைக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும், உள்சுவரில் ஆரம்பித்து வாசல் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். நான் வாசலில் ஆரம்பித்தேன். விசில் அடித்துக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரு நூலிழை பிசகாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். கடைசிக் கல்லைப் பதித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் சமையலறை முழுக்க ஈரக் கலவைமேல் என் கற்கள். அந்தக் கோடியில் வாசல். வாசலில் டீச்சர்.

"ஐயா, நீங்க எந்தப் பக்கமா வெளிய வருவீங்க?"

முப்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. பதில் யோசிக்கும்போதுதான், ஊசியோடு சேர்த்து ஏற்றியிருந்த மரப்பு மருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் எறும்பு கடித்த மாதிரி, அப்புறம் ஆணி அடித்த மாதிரி. கலவை டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். டீச்சர் வெளியே சுற்றிப் போய் ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீரும் வலி மாத்திரையும் நீட்டினார். நல்ல மனுஷி, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பாத்திரம் கழுவும் தொட்டி மாட்ட வந்த பிளம்பர், அவனைக் 'கசிவு' என்றுதான் கூப்பிடுவோம், பலகை போட்டு வந்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். நடுவழியில் பலகை சரிந்தது. பதினோரு கல் உள்வாங்கிவிட்டது. "இதுக்குத்தான் அண்ணே பின்னாடியா வரணும்னு சொல்வாங்க" என்றான் கசிவு. பிளம்பர் எனக்குப் பாடம் எடுக்கும் நாளும் வந்துவிட்டது.

மறுநாள் முட்டி முன்பைவிடப் பெரிதாக வலித்தது. முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. உன் அக்கா கிட்டே வந்து வாயை முகர்ந்து பார்த்தாள். குடிக்கவில்லை என்று தெரிந்ததும் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. "அந்த டீச்சர் வீட்ல என்ன இனிப்பு தின்னீங்க?" என்றாள். ஜன்னல் கம்பி வழியாக என்ன இனிப்பு வரும், சொல். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், சர்க்கரை நாலைந்து நாள் ஏறத்தான் செய்யும், தினமும் பாருங்கள் என்று நர்ஸ் சொன்னாராம்.

மூன்றாம் நாள் பெருக்கும்போது உன் அக்கா மேஜைக்கடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். நின்றபடியே சத்தமாகப் படித்தாள். மரத்திருப்பது சில மணி நேரத்தில் தெளியும். இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஓரிரு நாள் வலி கூடலாம். முகம் சிவக்கலாம். சர்க்கரை ஏறலாம். மருந்து வேலை செய்ய ஒரு வாரம்கூட ஆகலாம். முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் உடனே வரவும். என் நாலு நாள் வாழ்க்கையை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் மச்சான். எனக்குக் காய்ச்சலும் வரவில்லை. போய்ச் சண்டை போட ஒரு காரணம்கூட இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஜன்னலோரம் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இனி இந்த வேலை என்னால் ஆகாது. என் கைக்கு வேறெதுவும் தெரியாது. இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையைத்தான் பார்த்திருக்கிறேன். அண்ணாந்து பார்க்கும் பிழைப்பு எதுவும் எனக்குப் பழக்கமில்லை. நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதற்கெல்லாம் காரணம் நீ என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீதான்.

உன் வண்டி சக்கரத்துக்கும், உன் பிள்ளைகளுக்கும், உன் இரண்டு முட்டிகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: இன்று திங்கள். கடிதத்தை உறையில் போடும்போது பேனா மூடி கட்டிலுக்கடியில் உருண்டது. மண்டி போட்டு எடுத்து, எழுந்து, மாட்டிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி செய்து பார்த்தேன். வலி பத்துக்கு இரண்டு. ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். டாக்டரம்மா போனில், "சந்தோஷம் ஐயா. ஆனா இது லீவு மாதிரி, புது முட்டி இல்ல. தொடைக்குச் சொன்ன பயிற்சியைச் செய்யுங்க, மண்டி போடுறதைக் குறைங்க" என்றாள். இந்த முறை முழுசாகக் கேட்டேன்.

தம்பி, உறையை ஒட்டுகிற வேலை என்னுடையது என்பதால் உன் அக்கா நான் இரண்டு வரி எழுதுகிறேன். அவர் குளிக்கிறார், பாட்டு கேட்கிறது. எனக்கும் இடது முட்டி மூன்று வருஷமாக வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இந்த வீட்டில் ஒரு முட்டி வலியே இடம் போதாமல் இருந்தது. வியாழக்கிழமை அதே டாக்டரிடம் போகிறேன். ஊசி போட்டால் இரண்டு நாள் ஓய்வாம். அந்த இரண்டு நாளும் நாலு மாடி ஏறி இறங்க இங்கே ஆள் இல்லை. லீவு போட்டுவிட்டு வருகிறாயா?