அப்பா ஓடி விற்ற டிரெட்மில்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை எங்கள் குடியிருப்பின் வாசல் கேட்டில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாமோ இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. மெதுவாகத்தான் இறங்க வேண்டும். நடுவில் யாராவது அவசரப்பட்டுச் சிரித்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் அப்பா. வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. "எவனோ என் காரை இடிச்சுட்டுப் போயிட்டான்" என்று பணம் கேட்டு வருகிறவரிடம், "எவனோ இல்ல சார், நீங்களேதான் தூணுல இடிச்சிருக்கீங்க" என்று நிரூபிப்பது அவர் தொழில். இருபது வருஷமாக அதையே செய்ததில் உலகமே அவருக்கு ஒரு நசுங்கின கதவாகிவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். நான் நல்ல மார்க் வாங்கினால் பாராட்ட மாட்டார். "பக்கத்து பெஞ்சுல யாரு உட்கார்ந்திருந்தா?" என்று கேட்பார்.

அம்மா கண்ணாடிக் கடையில் வேலை. "கடைசி வரிய படிங்க" என்று ஊரையே படிக்க வைப்பவள். கடுகளவு எழுத்தெல்லாம் அவளுக்குச் சுவரொட்டி மாதிரி.

அப்புறம் டிரெட்மில். நாலு வருஷத்துக்கு முன்னால், "நாளையிலிருந்து நான் புது மனுஷன்" என்று சபதம் போட்டு அப்பா வாங்கியது. புது மனுஷன் மூன்று நாள் இருந்தார். பிறகு பழைய மனுஷனே திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அந்த மெஷின் ஓடிய தூரத்தைவிட அதை மாடிக்குத் தூக்கி வந்த தூரம் அதிகம். இப்போது அதன் வேலை எங்கள் துண்டுகளைக் காயவைப்பது.

போன மாதம் டாக்டர் அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மூக்கால் பேசினார்: "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. ஒரு மாசம் தர்றேன். தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. குறையலன்னா ஆயுசுக்கும் மாத்திரை." டாக்டர் குரலை நான் அச்சாகப் பேசுவேன். அம்மாவே ஒருமுறை எழுந்து நின்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "மாத்திரை கம்பெனிக்காரனும் இவரும் கூட்டு."

அம்மா வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து டிரெட்மில்லிலிருந்து துண்டுகளை எடுத்தாள். "ஏங்க, ரெண்டுல ஒண்ணு. இதுல ஏறுங்க, இல்ல இத வித்துடுங்க."

"வித்துடறேன்" என்றார் அப்பா. அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. அம்மாவின் ஒரு புருவம் மேலே போனது.

பழைய சாமான் விற்கும் இணையச் சந்தை ஒன்றில் அப்பாவுக்குக் கணக்கு உண்டு. முன்னெல்லாம் பொருள் விற்றால் பத்தில் ஒரு பங்கை அந்தச் சந்தை விற்பவரிடம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில்தான் விதியை மாற்றியிருந்தார்கள். வீட்டுச் சாமான் விற்பவருக்கு இனி கட்டணமே இல்லை. அதற்குப் பதிலாக வாங்குபவர் விலைக்கு மேல் இருபதில் ஒரு பங்கைப் பாதுகாப்புக் கட்டணமாகக் கட்ட வேண்டும். பொருள் ஒழுங்காகக் கைக்கு வந்த பிறகுதான் பணம் விற்றவருக்குப் போகும்.

அப்பா அந்த அறிவிப்பை மூன்று தரம் படித்தார்.

"இலவசமாம்! எவனாவது இலவசம்னா அவன் கை எங்க இருக்குன்னு பாக்கணும். என் பாக்கெட்டுல இல்லன்னா, என்கிட்ட வாங்கறவன் பாக்கெட்டுல இருக்கு. கட்டணம் கட்டறவன் என்ன பண்ணுவான்? என்கிட்ட விலைய குறைச்சுக் கேப்பான். ஆக மொத்தம் யார் தலை உருளுது?"

"சரி, குறைச்சுக் குடுங்க."

"மாட்டேன். கொள்கை."

கொள்கைப்படி வாங்கிய விலையைவிட அதிகமாக விலை போட்டார். விளம்பரத்தில், 'உரிமையாளர் தினமும் ஓடிய, தரமான மெஷின்' என்று எழுதினார். தொழில் பழக்கம், பதினாலு கோணத்தில் படமும் எடுத்துப் போட்டார். தப்பித்தவறி யாராவது விசாரித்தால், "எதுக்கு உங்களுக்கு? வீட்டுல எத்தனை பேர்? முன்னாடி வெச்சிருந்தது என்ன ஆச்சு?" என்று பதில் போட்டார். ஒருவர், "மன்னிக்கணும் சார், நான் சைக்கிள் வாங்கிக்கறேன்" என்று ஓடியே போனார்.

பத்தாம் நாள் சோபாவில் சாய்ந்துகொண்டு அறிவித்தார்: "கட்டணத்த மாத்தினாலும் மாத்தினான், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நான் என்ன பண்ணட்டும்? மெஷின் இங்கயேதான் இருக்கும்போல."

ஏறவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பழி முழுக்கச் சந்தைக்காரன் மேல். அழகான திட்டம்தான். ஆனால் அம்மா அன்றைக்கு என் போனை வாங்கி அந்தப் பதினாலு படங்களையும் பார்த்தாள். ஒன்பதாவது படத்தில் நின்றாள்.

"ஏண்டி, இந்தத் திரையில மூலையில என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

"மொத்தத் தூரம் ஒன்று புள்ளி நாலு கிலோமீட்டர்." படத்தைப் பெரிதாக்காமலே படித்தாள். பிறகு என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "உனக்கு எத்தனை குரல் வரும்?"

அந்த ராத்திரியே சந்தையில் ஒரு புதுக் கணக்கு பிறந்தது. பெயர் 'ஓய்வு பெற்ற ட்ரில் மாஸ்டர்'. கணக்கு அம்மாவுடையது. குரல் என்னுடையது.

மறுநாள் காலை விளம்பரத்துக்குக் கீழே, ஊரே பார்க்கும்படி மாஸ்டரின் கேள்வி தொங்கியது: 'தினமும் ஓடியதாகச் சொல்கிறீர்கள். படத்தில் மீட்டர் ஒன்றரை கிலோமீட்டர்கூடக் காட்டவில்லை. பொய் விளம்பரம் என்று புகார் செய்யலாமா?'

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது வருஷமாக மற்றவர்கள் காரில் அவர் பார்த்த கீறலை, முதல்முறையாக ஒருவர் அவர் மேலேயே பார்த்துவிட்டார்.

"இந்த ஆள் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். "குரலக் கேட்டாத்தான் ஆள் தெரியும்." நம்பரைக் காட்டாமல் பேச அந்தச் சந்தையிலேயே வசதி உண்டு. ஹாலில் நின்றபடி அழைத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, தொண்டையை இறக்கினேன்.

"யாரது? நேரா நின்னு பேசுய்யா!"

அப்பா உண்மையிலேயே நேராக நின்றதாக அம்மா பிறகு சொன்னாள்.

"சார், அந்த மீட்டர்... கோளாறு சார். நான் ஓடினேன், அது எண்ணல."

"அப்படியா? நாளையிலிருந்து தினமும் அரை மணி நேரம் ஓடு. மீட்டர் படம் எனக்கு வரணும். எண்ணுதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். வரலன்னா புகார்!"

"எத்தனை நாள் சார்?"

"மூணு வாரம்!"

"பின்னாடி என்ன தண்ணிச் சத்தம்?"

"நீச்சல் குளம்!"

"உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே சார்."

"என் குரலைக் கேட்டவன் எல்லாம் ஓடியிருக்கான். நீயும் ஓடு!"

குளியலறைக் கதவைத் திறந்தேன். எதிரே அப்பா. "தண்ணிய இப்படியா வீணாக்கறது?" என்றார். அவ்வளவுதான். எல்லாரையும் சந்தேகப்படுகிறவருக்குச் சொந்த வீட்டுக் குழாய் மட்டும் கண்ணில் படவில்லை.

ஓடினார். முதல் நாள் கட்டிடமே அதிர்ந்தது. கீழ் வீட்டுக்காரர் வந்து, "சார், உரல் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஐந்து நிமிஷத்தில் நிறுத்தப் பார்த்தார். மாஸ்டர் உடனே எழுதினார்: 'மீட்டர் குறைவாக ஏறியிருக்கிறதே?' அப்பா வியர்த்தபடி அம்மாவிடம் முறையிட்டார்.

"பாத்தியா? கட்டணம் கட்டப் போறோம்ங்கற திமிரு. நாம விக்கறவங்களா, வேலைக்காரங்களா? இந்த விதிய எழுதினவன நான் சும்மா விடமாட்டேன்."

"அநியாயம்ங்க" என்றாள் அம்மா. "தண்ணி குடிச்சுட்டு மிச்ச இருபத்தஞ்சு நிமிஷத்தையும் ஓடிடுங்க."

மூன்று வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். சீட்டைப் பார்த்தவர் மூக்காலேயே மகிழ்ந்தார். "நல்லா இறங்கியிருக்கே! மாத்திரை வேண்டாம். ஆனா விடாம ஓடுங்க. நிறுத்தினா ஏறிடும்."

"லேப்ல சீட்டு மாறியிருக்கும்" என்றார் அப்பா படியிறங்கும்போது. அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள்.

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவர் அப்பா. வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டார்: "அந்த மாஸ்டரோட மிரட்டலும் ஆச்சு, சர்க்கரையும் ஆச்சு. இனி இந்த மெஷின் எதுக்கு? நாளைக்குக் காலையில விலைய பாதியாக்கறேன். எவன் கேட்டாலும் தள்ளி விட்டுட்டு நிம்மதியா உட்காரப் போறேன்."

அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்தாள். பாதி விலை என்றால் மத்தியானத்துக்குள் போய்விடும். மெஷின் போனால் சோபா. சோபா என்றால் மாத்திரை.

"போனக் குடு" என்றாள் என்னிடம்.

"அம்மா! அவ்வளவு விலையா?"

"என் கையிலிருந்து உங்க அப்பா கைக்குத்தானே போகுது? வெளிய போறது கட்டணம் மட்டும்தான். பாதுகாப்புன்னு பேர் வெச்சு இவ்வளவு மலிவா எவன் குடுப்பான்?" என்று பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஹாலில் அப்பா கூவினார்: "வித்துடுச்சு! முழு விலைக்கு! அந்த மாஸ்டரே மாட்டினான்! கொள்கைய விடலை பாத்தியா?" அடுத்த நிமிஷமே குரல் இறங்கியது. "ஆனா ஏன் முழு விலை குடுக்கறான்? பேரம் பேசலையே. அட்ரஸும் காட்ட மாட்டேங்கறானுங்க. புது விதியாம், வாங்கறவருக்குப் பாதுகாப்பாம். அட்ரஸ் சந்தைக்காரன் அனுப்பற ஆளுக்கு மட்டும்தான் தெரியுமாம். அதுவும் மெஷின வண்டில ஏத்தி, சீட்ட போனுல ஸ்கேன் பண்ணினாத்தானாம். இதுல ஏதோ இருக்கு. நான் விடப் போறதில்ல. பின்னாலேயே போய் அந்த மாஸ்டர் யாருன்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்தார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு, "ஐயோ, அம்மா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, மூன்று மாடியும் இறங்கினார்கள். அப்பா அவர்களுக்கு முன்னும் பின்னுமாக, "சுவர்ல இடிக்காதீங்க! கைப்பிடி, கைப்பிடி!" என்று படிகளில் ஏறி இறங்கினார். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை. கூட்டிப் பார்த்தால் அன்றைக்கு அவர் மட்டும் ஒன்பது மாடி. நானும் அம்மாவும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா என் கையின் மேல் தன் கையையும் வைத்துப் பொத்தினாள்.

மெஷின் வண்டியில் ஏறியது. அப்பா ஸ்கூட்டர் சாவியைத் தயாராக வைத்துக்கொண்டார். பெரிய ஆள் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சீட்டை ஸ்கேன் செய்தார். போனைப் பார்த்தார். தபால் பெட்டிகளுக்கு மேலே இருந்த கதவு எண்ணைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"எங்க போகணுமாம்?" என்றார் அப்பா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "எதையும் மறைக்காதீங்க. எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம்."

அந்த ஆள் பரிதாபமாகப் போனை நீட்டினார். "சார்... மறுபடியும் மூணாவது மாடிக்கே தூக்கணுமா?"

அப்பா மெதுவாகத் தலையை நிமிர்த்திப் பால்கனியைப் பார்த்தார்.

"நேரா நின்னு பாருய்யா!" என்றேன் நான், மாஸ்டர் குரலில்.