துண்டு அண்ணாச்சி லாரி ஏறிய கதை

கரிசல் காட்டில் பிறந்தவர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எங்கள் துண்டு அண்ணாச்சிதான். ஏ.டி.எம். மிஷின் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயம். லிஃப்ட் கதவு திறக்காமலே போய்விடும் என்று பயம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போவதென்றால்கூட, காசிக்குப் போகிறவர் மாதிரி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்.

புதூர்ப் பக்கம் அவர் தானியத் தரகர். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் தோள்துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர்.

சுற்று ஊர் விவசாயிகள் சேர்ந்து உழவர் கம்பெனி ஆரம்பித்தபோது நான் மேனேஜர்; அண்ணாச்சியும் பங்குதாரர். முதல் வருடம் எல்லோருடைய உளுந்தையும் ஒன்றாகச் சேர்த்து ஆன்லைன் ஏலத்தில் போட்டோம். திரையில் விலை வந்ததுதான் தாமதம், அண்ணாச்சி பாய்ந்து துண்டால் கம்ப்யூட்டரைப் போர்த்திவிட்டார்.

"ஏலே, நாலு பேரு பாக்க விலையை இப்படியா நிறுத்தி வைப்பாவ? கண்ணு பட்டு இறங்கிரும்லா!"

"அண்ணாச்சி, நேரம் முடியுது. சம்மதம்னு அமுக்கணும். துண்டை எடுங்க!"

எடுக்கவில்லை. துண்டுக்குள் தலையை விட்டுத்தான் நான் பட்டனை அமுக்கினேன்.

நல்ல விலைதான். வாங்கியவர் ஆந்திராவில் எங்கோ ஒரு பருப்பு மில்காரர். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் என்றதும் எல்லோரும் கம்பெனி வாசலில் கூடிவிட்டார்கள். மூட்டைகள் ஏறிய லாரிக்கு முன்னால் கோமதி அக்கா வந்து நின்றார். ஆடு மேய்த்துச் சேர்த்ததில் நிலம் வாங்கி, முதல்முறையாக உளுந்து போட்டவர்.

"தம்பி, மொகம் தெரியாதவனுக்கு வெள்ளாமையைத் தூக்கி அனுப்புதீயளே. அவன் ஏமாத்திட்டாம்னா எங்கன போயித் தேட? எம்மக காலேஜு படிப்பே இதுலதான் இருக்கு."

எனக்கும் அதே பயம்தான். ஆளாளுக்கு மூட்டையை இறக்கச் சொன்னார்கள். இறக்கினால் கம்பெனி அன்றோடு முடிந்தது.

"நான் கூடப் போறேன்."

அண்ணாச்சி! முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நீங்களா? உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தாம்லே இருக்கு. மூட்டை தனியா போனா இவிய எல்லாருக்கும் பயம். நான் போனா எனக்கு மட்டுந்தான பயம்?"

வழியெல்லாம் போன் செய்தார். "டிரைவரு கொட்டாவி விடுதாம்லே!" "பாலம் வருதுலே, முடியவே மாட்டேங்குது!" பிறகு போன் அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மில்காரரும் போனை எடுக்கவில்லை. கம்பெனி வாசலில் கூடியவர்கள் உளுந்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த மனுசனை விட்டிருக்கக் கூடாது" என்று கோமதி அக்கா அழுதார்.

மூன்றாம் நாள் பணம் வங்கிக்கு வந்தது. அப்போதும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அண்ணாச்சி இறங்கினார்.

"பாலத்தைப் பாத்த பயத்துல போனு ஆத்துல விழுந்திருச்சுலே. ஒன் நம்பரும் அதோட போச்சு. ஆனா மில்காரன் நல்லவன். மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாக்குற வரைக்கும் போனைத் தொடல. சரக்குல மண்ணைக் கலந்திருப்பமோன்னு அவனும் பயந்துபோயில்லா இருந்தான்!"

இப்போது ஒவ்வொரு லோடுக்கும் அவர்தான் போகிறார். பயம் கொஞ்சமும் குறையவில்லை. அவர் திரும்பி வந்து இறங்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.