பழக்கண்ணையும் இரண்டு புது ஸ்பீக்கர்களும்

நல்லூரில் எங்கள் ஒழுங்கைக்குள் பழக்கண்ணைக்குத் தெரியாமல் ஒரு புதுச் சாமான் நுழைந்ததாகச் சரித்திரமே கிடையாது. மோட்டார் சைக்கிள் திருத்துவது அவர் தொழில். புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு மெதுவாகத்தான் ஓடவேண்டும், எஞ்சின் பழகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாடம். அதை அங்கேயே விட்டிருந்தால் நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். மனிதர் அதை உலகத்திலுள்ள எல்லாச் சாமான்களுக்கும் நீட்டிவிட்டார். எதையும் பழக்கச் சொல்கிற அண்ணை என்று ஊர் வைத்த பெயர்தான் பழக்கண்ணை.

எதிர்வீட்டு ரீச்சர் வாங்கிய மிக்சியில் முதல் ஒரு கிழமை தண்ணீரை மட்டும் அரைக்கச் சொன்னார். படித்த மனுஷி, அவரும் அரைத்தார். தன் மகளுக்குக் கலியாணம் முடிந்த புதிதில், ஒரு மாதத்துக்கு மருமகனிடம் பாரமான வேலை எதுவும் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டார். மருமகன் இன்றுவரை பழகி முடியவில்லை என்று கேள்வி.

இப்படிப்பட்டவரின் கண்ணில் படாமல் நான் இரண்டு ஸ்பீக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாம் அக்காவுக்காக. அப்பா இறந்தபோது விசாச் சிக்கலால் கனடாவிலிருந்து அவளால் வரமுடியவில்லை. இப்போதுதான் வந்திருந்தாள். திரும்பிப் போக ஆறு நாள் இருந்தது. அப்பா கோயிலில் கந்தபுராணம் படிப்பவர். அந்த ஒலிப்பதிவு ஒன்று என்னிடம் இருந்தது. போவதற்குள் அதை நல்ல ஸ்பீக்கரில் கேட்கவேண்டும் என்றாள். வருஷக்கணக்காக அப்பாவைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டவள்.

வயரைக் கொழுவிப் போட்டேன். அப்பா படித்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா அழத் தொடங்கினாள்.

"உது அப்பான்ரை குரல் இல்லையடா தம்பி. ஆரோ படிக்கிற மாதிரிக் கிடக்கு."

அந்த நேரம் பார்த்து வாசலில் பழக்கண்ணை. அட்டைப்பெட்டி கேற்றுக்குள் போகும்போதே கண்டுவிட்டாராம்.

"பழக்காமல் போட்டா வேறை எப்பிடிக் கேக்கும்? உள்ளுக்கை எல்லாம் இன்னும் இறுக்கம். நாலு நாள் தாங்கோ பிள்ளை. அப்பா தன்ரை பாட்டிலை வருவார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனிதரின் குரலைக் கேட்டு ஒருத்தி அழுகிறாள், இவர் எஞ்சின் கதை கதைக்கிறார். ஸ்பீக்கர் இளகுவதென்றால் அது கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும், அதற்குப்பிறகு பழகுவது கேட்பவரின் காதுதான் என்று நான் வாசித்திருந்தேன். அதை அப்படியே சொன்னேன். வண்டியில் என்ன பழுதென்று தனக்குச் சொல்லவரும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அக்காவோ அவரை நம்பிவிட்டாள். அவளுக்கு எதையாவது நம்பவேண்டியிருந்தது.

எந்தக் குரல் வரவேண்டுமோ அந்தக் குரலில்தான் பழக்கவேண்டும் என்பது அவர் சட்டம். இரண்டு பெட்டிகளையும் நடு ஹோலில் முகத்துக்கு முகம் வைத்து, நல்ல படுக்கைவிரிப்பு ஒன்றால் மூடினார். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அப்பா அதற்குள்ளிருந்து மெல்லிய குரலில் புராணம் படித்தார். தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆருக்குச் சுகமில்லை என்று கேட்டார். பழக்கண்ணை நாளுக்கு மூன்று தரம் வந்து விரிப்பைத் தூக்கி, பெட்டியில் உள்ளங்கையை வைத்து, இன்னும் காணாது என்று தலையாட்டிவிட்டுப் போவார். இருந்த ஆறு நாளில் நாலு நாளை இந்த மனிதர் தின்கிறாரே என்று நான் கொதித்தேன். இரண்டாம் நாள் பொறுக்காமல் விரிப்பை இழுத்தெறிந்தேன். அக்கா அதை எடுத்துத் திரும்ப மூடினாள்.

அவள் ஹோலை விட்டு அசையவில்லை. மரக்கறி வெட்டினாள், உடுப்பு மடித்தாள், சூட்கேஸ் அடுக்கினாள், எல்லாம் விரிப்புக்குப் பக்கத்தில்தான். மூன்றாம் நாள் அவள் தனியே கதைப்பது, குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது.

"இப்ப செருமுவார் பார்."

விரிப்புக்குள் அப்பா செருமினார். அக்கா சிரித்தாள்.

ஐந்தாம் நாள் பழக்கண்ணை குளித்துத் திருநீறு பூசி வந்தார். புது வாகனத்துக்குச் செய்வதுபோல ஒரு தேசிக்காயைக் காலால் நசித்துவிட்டு, விரிப்பை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்பாதான். தம்பி, அப்பாவேதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துளி வித்தியாசமும் இல்லை. முதல் நாள் கேட்ட அதே குரல், அதே கரகரப்பு. பழக்கண்ணை வெற்றியோடு என் பக்கம் திரும்பி, இப்ப என்ன சொல்லுறீர் என்றார். வாசித்ததெல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை. நல்லாய்ப் பழகீட்டுது."

அக்கா போய்விட்டாள். நான் பொய் சொன்ன கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பழக்கண்ணை இப்போது வவுனியாவில் மகள் வீட்டில் நிற்கிறார், வர இன்னும் இரண்டு கிழமையாகும். போன கிழமை நாங்கள் ஒரு புது மின்விசிறி வாங்கினோம். இந்த வெக்கையில் வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். பெட்டியை ஒருவரும் பிரிக்கக்கூடாது, அவர் வந்து பழக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.