ஜீவராணியின் காலும் முதல் பால்குடமும்

பொகவந்தலாவை,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

நீயும் நிலக்ஷியும் மட்டக்களப்பு வெயிலில் வாடாமல் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மாலை மழையும் அட்டைக்கடியும் போக மற்றபடி நாங்கள் சுகம். நீ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பதால் இதை உனக்குத்தான் எழுத முடியும். பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இது விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

என் கொழுந்தன் மனைவி ஜீவராணி போன வருடம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். எலும்பு ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழுந்துவிட, கண்டியில் ஒரு டாக்டர் அதில் ஏதோ துகள்களை நிரப்பித் தைத்து அனுப்பினார். கொத்தனார்கள் சாரம் கட்டி ஏறுவதுபோல எலும்பின் உயிரணுக்கள் அந்தத் துகள்களின் துளைகளில் ஏறிப் புது எலும்பை வளர்க்கும். வளர வளரச் சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் இதை யாருக்கும் விளக்கிச் சொல்வேன், ஆனால் யார் கேட்டார்கள்? எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் ஒட்டிவைத்து, பார்க்க வந்த பக்கத்து வீட்டு மீனம்மாவுக்கு அவளே பாடம் நடத்துகிறாள். "பாருங்க மீனம்மா அக்கா, புகை மாதிரி வெள்ளையா இருக்குல்ல, அதெல்லாம் புதுசா மொளைச்ச எலும்பு." சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் இரண்டு முறை தவறியவள். படிப்பித்தது நான். மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை பிஸ்கட் பெட்டியோடு வந்து பார்த்துப் போகிறார்கள். எனக்குப் பித்தப்பை எடுத்தபோது வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி வீடு மாறி வந்தவள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் முதல் பால்குடம் இந்த வருடம் எங்கள் குடும்பத்து முறை. ஒன்பது குடும்பங்களைச் சுற்றி வருவது. போன முறை மாமியார் எடுத்தார், இந்த முறை மூத்த மருமகளான நான். கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி வீடு தேடி வந்து, "டீச்சர், கால் நடந்தா மொதக் கொடம் எடுக்கிறேன்னு ஜீவராணி நேந்துக்கிட்டுச்சாம். நீங்க படிச்சவங்க, விட்டுக்குடுத்துருங்க" என்றார். படித்ததற்கு இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த மரியாதை இது.

அன்றே அவளுடைய ஆஸ்பத்திரிக் கோப்பைப் பார்க்க நேர்ந்தது. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள், கோப்பு அலமாரிக்குள் துணிக்கு அடியில் இருந்தது, ஆனாலும் பார்க்க நேர்ந்தது. நிரப்பிய பொருள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே மாட்டெலும்பு! கொடியேறினால் பத்து நாள் எங்கள் தோட்டத்தில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். அப்படியிருக்க மாட்டெலும்பைக் காலில் வைத்துக்கொண்டு பால்குடம் எடுக்கலாமா என்று கமிட்டியில் மிகப் பணிவாகக் கேட்டேன். கொழுப்பும் புரதமும் போகச் சுட்டு வெறும் தாதுவாக்கித்தான் வைப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

கூட்டம் சலசலத்தது. "பத்து நாளைக்கு மட்டும் கழட்டி வச்சிட்டா என்ன?" என்றார் பூசாரி சிவசாமி.

"அது என்ன பல்செட்டா சாமி, கழட்டித் தண்ணியில போட?" என்றாள் மீனம்மா.

பின்னாலிருந்து மூக்கன், "டீச்சர், பசுவா எருமையா?" என்று கேட்டார். எருமை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த புத்தி, "பசு இனம்தான்" என்றேன்.

செல்லசாமி எழுந்தே நின்றுவிட்டார். "கோமாதாய்யா! லெச்சுமியே அந்தப் புள்ள கால்ல வந்து குடியிருக்கா. இனி யாருய்யா மறுத்துப் பேசுறது?"

இப்போது முதல் குடம் அவளுக்கு என்பதோடு, அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட வரிசை நிற்கிறது. "அய்யோ, தொடாதீங்கக்கா, கூசுது" என்று சிரித்துக்கொண்டே காலை நன்றாக நீட்டுகிறாள். நான் பிறந்ததிலிருந்து பெயரிலேயே லெட்சுமியை வைத்திருக்கிறேன், ஒருவர் கும்பிட்டதில்லை. எனக்கு இரண்டாம் குடமும் இல்லையாம். ஊர்வலம் வரும்போது காலின் மகிமையை ஒலிபெருக்கியில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. "விஞ்ஞானமா சொல்லுங்க டீச்சர், அப்பதான் நம்புவாங்க" என்கிறார் செல்லசாமி.

நிலக்ஷிக்கு என் ஆசிகள். இருவரும் நோய்நொடியின்றி, எலும்பு முறியாமல், நீண்ட காலம் வாழ்க.

இப்படிக்கு,
எவர்மீதும் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத அக்கா,
நாகலெட்சுமி.

பி.கு.: ஒலிபெருக்கியில் பேசக் குறிப்பெடுக்கும்படி அந்த ஆஸ்பத்திரிக் கோப்பை இன்று அவளே கொண்டுவந்து தந்தாள். இந்த முறை நிதானமாகப் படித்தேன். முதல் வரியில் மாட்டெலும்பு, இரண்டாவதில் பவளப்பாறை, மூன்றாவதில் ஆய்வுகூடத்தில் செய்த கல்சியம் பொஸ்பேற்று. சரி அடையாளம் போட்டிருப்பது மூன்றாவதில். மாடு அச்சடித்த பட்டியலில் இருந்ததே தவிர அவள் காலில் இல்லை. இதைச் சொன்னால் ஆட்சேபணைக்கே இடமில்லை, நேர்த்திக்கடன்படி முதல் குடம் அவளுக்குத்தான். சொல்லாவிட்டாலும் அவளுக்குத்தான். சொன்னால் ஒரு படிவத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாத பட்டதாரியாக ஊர் முன்னால் நான் நிற்க வேண்டும். இருந்தாலும் நாளை சொல்லிவிடப் போகிறேன். காலைத் தொட்டுக் கும்பிடுவதாவது நிற்கும்.